கருவில் ஒரு செல்லுக்கு யார் வேலை சொல்வது? – கேள்வி பதில்

கல்லூரியில் 26 வருடம் விலங்கியல் நடத்தினேன். அதில் பாதிக்கு மேல் கோழி முட்டைக் கருவோடு போனது. கரு எப்படி உருவாகிறது, செல்கள் எப்படி வேலை பிரித்துக்கொள்கின்றன என்று சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லி வைத்தேன். இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பியவர்கள் மன்னிக்க வேண்டும். நான் டாக்டர் இல்லை.

கேள்வி (பிளஸ் டூ மாணவி, தேனி): மேடம், எல்லா செல்லிலும் ஒரே டி.என்.ஏ. தானே? அப்புறம் ஒன்று கண்ணாகவும் ஒன்று ஈரலாகவும் போவது எப்படி? யார் முடிவு செய்கிறார்கள்?

செல்லுக்குத் தன் தலையெழுத்து தெரியாதம்மா. பக்கத்து செல் சொல்லித்தான் தெரியும். ஒரு செல் ஒரு புரதத்தைச் சுரந்து வெளியே விடும். இன்னொரு செல்லின் மேற்பரப்பில் அதற்கென்றே ஒரு ஏற்பி நீட்டிக்கொண்டிருக்கும். புரதம் அதில் போய் உட்கார்ந்ததும் உள்ளே ஒன்று இன்னொன்றைத் தட்ட, அது அடுத்ததைத் தட்ட, கடைசியில் சேதி உட்கருவுக்குப் போய்ச் சில ஜீன்களைத் திறக்கும், சிலவற்றை மூடும். புத்தகம் எல்லோரிடமும் ஒன்றுதான். ஈரலில் திறந்திருக்கும் பக்கம் வேறு, கண்ணில் திறந்திருக்கும் பக்கம் வேறு. இப்படிச் சேதி கொண்டு போகும் புரதங்களைத்தான் சமிக்ஞைப் புரதங்கள் என்கிறோம்.

இதற்கு முதல் பெரிய ஆதாரம் 1924-இல் வந்தது. ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரம். ஹான்ஸ் ஸ்பேமன் என்ற பேராசிரியர், ஹில்டே மாங்கோல்ட் என்ற அவருடைய மாணவி. நீர்ப்பல்லி வகையைச் சேர்ந்த நியூட் என்ற பிராணியின் கருவில் வேலை செய்தார்கள். ஒரு இனத்தின் கரு வெளிறியிருக்கும், இன்னொன்று நிறமாக இருக்கும். அதனால் எந்த செல் யாருடையது என்று பிறகு கண்ணாலேயே பிரித்துப் பார்க்கலாம். கரு உருண்டையாக இருக்கும்போது ஓரிடத்தில் செல்கள் உள்ளே மடங்கிப் போகத் தொடங்கும். அந்த வாயின் மேலுதட்டிலிருந்து ஹில்டே ஒரு துணுக்கை வெட்டி, இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் செருகினார். சில நாளில் அந்த வயிற்றில் இரண்டாவது உடம்பு ஒன்று வளர்ந்தது, ஒட்டிப் பிறந்த இரட்டை மாதிரி.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் பிறகுதான். அந்த இரண்டாவது உடம்பின் நரம்புத் தண்டு பெரும்பாலும் ஒட்டப்பட்ட துணுக்கின் செல்களால் ஆனதல்ல. வயிற்றுத் தோலாகப் போயிருக்க வேண்டிய, அங்கேயே பிறந்த செல்கள் நரம்பாக மாறியிருந்தன. வந்தேறி சொன்னதை ஊர்க்காரர்கள் கேட்டுவிட்டார்கள்! அதே வருடம் சமையலறை அடுப்பு வெடித்த விபத்தில் ஹில்டே இறந்தார். 25 வயது. 1935-இல் நோபல் பரிசு ஸ்பேமனுக்கு மட்டும் போனது.

அந்தத் துணுக்கு என்னதான் சொன்னது? அதைக் கண்டுபிடிக்க இன்னும் 70 வருடம் ஆனது. 1990-களில் நாகின், கார்டின் என்று இரண்டு புரதங்கள் பிடிபட்டன. அவை "நரம்பாக மாறு" என்று எதுவும் சொல்வதில்லை. கரு முழுக்க பி.எம்.பி. என்றொரு புரதம் "தோலாகு, தோலாகு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாகினும் கார்டினும் அதன் வாயைப் பொத்துகின்றன, அவ்வளவுதான். அந்தப் பேச்சு காதில் விழாத செல் தானாக நரம்பாகப் போய்விடும். மூளை என்பது தோலாகு என்ற உத்தரவு வந்து சேராத இடம் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

கேள்வி (மென்பொருள் வேலை, பெங்களூரு): அப்படியென்றால் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனிப் புரதமா? ஆயிரக்கணக்கில் இருக்குமே?

நானும் படிக்கும்போது அப்படித்தான் நினைத்தேன். நிஜத்தில் முக்கியமான குடும்பங்கள் ஏழெட்டுதான். ஹெட்ஜ்ஹாக், விண்ட், பி.எம்.பி. சேர்ந்த டி.ஜி.எஃப். பீட்டா குடும்பம், எஃப்.ஜி.எஃப்., நாட்ச். இவற்றையே திரும்பத் திரும்ப, வேறு வேறு இடத்தில், வேறு வேறு நாளில் உபயோகித்துத்தான் ஈயும் உருவாகிறது, நீங்களும் உருவானீர்கள்.

பி.எம்.பி.யையே பாருங்கள். மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு டாக்டர் 1965-இல் சுண்ணாம்புச் சத்து நீக்கிய எலும்புத் துண்டைத் தசைக்குள் வைத்துப் பார்த்தார். தசைக்குள்ளேயே புது எலும்பு முளைத்தது. அதனால்தான் 'எலும்பு உருவாக்கும் புரதம்' என்று பெயர். அதே புரதம் ஆரம்பக் கருவில் தோலாகச் சொல்கிறது. விரல்களுக்கு நடுவில் இருக்கும் செல்லிடம் செத்துப் போகச் சொல்கிறது. சொல் ஒன்று, கேட்பவர் வேறு. குழாயடியில் "தண்ணி வந்துடுச்சு" என்று ஒருத்தி கத்தினால், குடம் காலியாக இருப்பவள் ஓடுவாள். வீட்டில் போர் போட்டவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். துணி ஊற வைத்தவள் பக்கெட்டோடு வருவாள். செல்லுக்கும் அதுவரை நடந்த கதை ஒன்று உள்ளே இருக்கிறது, அதைப் பொறுத்துத்தான் பதில்.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்று நிஜமாகவே ஒரு புரதம் இருக்கிறதா, இல்லை யாரோ விளையாடுகிறார்களா?

இருக்கிறது. ஜெர்மனியில் நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் வீஷாவ்ஸும் 1980-இல் பழ ஈயில் வெளியிட்ட ஆய்வில், ஒரு ஜீன் கெட்டுப்போன புழு உடம்பெல்லாம் முள்ளாக இருந்தது. ஹெட்ஜ்ஹாக், அதாவது முள்ளெலி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம் தென்மாவட்டத்துத் தேரிக்காட்டில் சுருண்டு கிடக்குமே, அந்த முள்ளெலிதான். 1993-இல் முதுகெலும்புள்ள பிராணிகளில் அதன் உறவுகள் மூன்று கிடைத்தபோது, ஒன்றுக்கு வீடியோ கேம் கதாநாயகன் பெயரை வைத்தார்கள். குழந்தையின் மூளை இரண்டு பாதியாகப் பிரியவில்லை, காரணம் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்று ஒரு தாயிடம் டாக்டர் எப்படிச் சொல்வார் என்று பெயர் வைத்த அன்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கேள்வி (ஒரு தாய், திருநெல்வேலி): அக்கா, என் பையனுக்கு வலது கையில் கட்டைவிரல் பக்கத்தில் இன்னொரு விரல். மாமியார் அதிர்ஷ்டம், எடுக்கக் கூடாது என்கிறார். இது எதனால் வருகிறது?

கை முதலில் ஒரு மொட்டாகத்தான் முளைக்கிறது. அந்த மொட்டின் சுண்டுவிரல் ஓரத்தில் சின்னதாக ஒரு செல் கூட்டம் உட்கார்ந்து சோனிக் ஹெட்ஜ்ஹாக்கைச் சுரக்கும். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடி நின்றாலும் சத்தத்தை வைத்தே கோயில் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். அதே மாதிரி, அதிகமாகவும் அதிக நேரமும் கேட்கும் செல்கள் சுண்டுவிரலாகப் போகும், கொஞ்சம் கேட்பவை நடுவிரலாகும். கட்டைவிரல் பக்கம் ஏறக்குறைய மௌனம்.

1968-இல் அமெரிக்காவில் சாண்டர்ஸும் காஸலிங்கும் கோழிக் கருவில் இந்த ஓரத்துத் துணுக்கை எடுத்து எதிர் ஓரத்தில் ஒட்டினார்கள். அதில் சோனிக் இருக்கிறது என்றே அப்போது யாருக்கும் தெரியாது. கோழிச் சிறகில் விரல் மூன்றுதான். அதை 2-3-4 என்று எண்ணுவோம். ஒட்டிய சிறகில் 4-3-2-2-3-4 என்று கண்ணாடியில் பார்த்த மாதிரி ஆறு விரல் வந்தது. இரண்டு பக்கமும் கோயில், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்.

இதை நானே செய்து பார்த்திருக்கிறேன். மூன்றரை நாள் அடை வைத்த முட்டை. ஸ்பிரிட்டால் துடைத்து, ஓரத்தில் ஊசி குத்தி 3 மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சினால் கரு ஓட்டை விட்டுக் கீழே இறங்கும். மேலே செல்லோ டேப் ஒட்டி, வளைந்த கத்தரியால் ஒரு சன்னல் வெட்ட வேண்டும். டேப் இல்லாமல் வெட்டினால் ஓட்டுத் தூள் கருவின் மேல் கொட்டிவிடும். சிறகு மொட்டு கடுகில் பாதிகூட இருக்காது. துணுக்கைச் செருகி, மயிரிழை பிளாட்டினம் கம்பியால் குத்தி நிறுத்தி, டேப்பால் மூடி இன்குபேட்டரில் வைத்தால் ஆறேழு நாளில் பார்க்கலாம். முதல் தடவை வைத்த 36 முட்டையும் ஒரு ராத்திரி கரண்ட் போனதில் பாழ். இரண்டாம் தடவை இரண்டு டஜனில் நான்குதான் தேறின. குருத்தெலும்புக்கு நீலச் சாயம் ஏற்றி, லென்ஸில் வைத்து எண்ணினேன்: நான்கு, மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று, நான்கு. அட்டெண்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா இவ்வளவு முட்டை?" என்றார்.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். கட்டைவிரல் பக்கம் விரல் கூடுவதற்குத் தெரிந்த காரணங்களில் ஒன்று, சோனிக் ஜீனை எங்கே இயக்க வேண்டும் என்று சொல்லும் டி.என்.ஏ. சுவிட்ச்சில் ஓர் எழுத்து மாறியிருப்பது. அந்த சுவிட்ச் ஜீனுக்குப் பக்கத்தில்கூட இல்லை, சுமார் 10 லட்சம் எழுத்து தள்ளி இருக்கிறது. எழுத்து மாறினால் கட்டைவிரல் ஓரத்திலும் கொஞ்சம் சோனிக் கசியும். ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட் தீவில் இருக்கும் ஆறு விரல் பூனைகளுக்கும் இதே சுவிட்ச்சில்தான் மாற்றம். இந்த வகை என்றால் வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். எடுப்பதா வேண்டாமா என்பதைக் கை அறுவை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். எந்தக் கட்டைவிரலில் எலும்பும் தசைநாரும் சரியாக இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அதிர்ஷ்டம் பையனோடு இருக்கும், விரலோடு போகாது. மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கேள்வி (ஏழு மாதக் கர்ப்பிணி, சேலம்): கிரகணத்தன்று கத்தி எடுத்துக் காய் நறுக்கிவிட்டேன். குழந்தைக்கு உதடு பிளந்து பிறக்கும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

நிம்மதியாகத் தூங்குங்கள். முகம் ஐந்தாறு துண்டுகளாக வளர்ந்து நடுவில் வந்து ஒட்டுகிறது. உதடு கருவின் ஆறேழு வாரத்திலேயே ஒட்டி முடிந்துவிடும், அண்ணம் மூன்றாம் மாதத்துக்குள். ஏழாம் மாதத்தில் நீங்கள் கத்தி எடுத்தாலும் அரிவாள் எடுத்தாலும் ஒட்டியது பிரியாது. அந்தத் துண்டுகள் வளர்ந்து ஒன்றையொன்று தொடவேண்டுமானால் சோனிக், பி.எம்.பி., எஃப்.ஜி.எஃப்., விண்ட் எல்லாம் அளவாகப் பேச வேண்டும். பரம்பரை ஜீன்கள், புகைப்பழக்கம், சில வலிப்பு மாத்திரைகள் இவை அதைக் குழப்பக்கூடும். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்திவிடாதீர்கள். குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் பேசி மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி (அதே சேலம்): ஃபோலிக் ஆசிட்டை ஏன் கர்ப்பம் தெரிவதற்கு முன்பே சாப்பிடச் சொல்கிறார்கள்?

மூளை, தண்டுவடம் ஆகப்போகும் நரம்புக் குழல் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனதைக் கவனித்து, கிட் வாங்கிப் பார்த்து, வீட்டில் சொல்லி முடிப்பதற்குள் அந்த வேலை முடிந்துவிடுகிறது. ஃபோலிக் ஆசிட் சமிக்ஞைப் புரதம் அல்ல, செல்கள் வேகமாகப் பெருகத் தேவையான விட்டமின். ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு இந்தக் குழல் சரியாக மூடாத குறை வந்த தாய்மார்களிடம் செய்து 1991-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டவர்களுக்கு அந்தக் குறை மறுபடி வருவது சுமார் 70 சதவீதம் குறைந்தது.

கேள்வி (பி.எட். மாணவர், விழுப்புரம்): வாத்துக்கு விரலிடையில் சவ்வு இருக்கிறது, நமக்கு இல்லை. செல் சாவதும் கருவின் திட்டமா?

ஆமாம். நம் கையும் முதலில் துடுப்பு மாதிரிதான் இருக்கிறது. விரலிடை செல்களிடம் பி.எம்.பி. "போதும், போ" என்று சொல்ல, அவை தம்மையே துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு, சத்தமில்லாமல் பக்கத்து செல்களுக்கு இரையாகிவிடும். வாத்தின் காலிலும் பி.எம்.பி. இருக்கிறது. ஆனால் அங்கே கிரெம்லின் என்ற புரதம் அதை மடக்கிவிடும், சவ்வு தப்பிக்கிறது. வௌவால் இறக்கையும் இப்படித்தான் தப்பித்த சவ்வு.

இந்தச் சாவைக் கடைசி செல் வரை எண்ணியவர்கள் உண்டு. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் என்ற புழுவில் வளர்ச்சியின்போது 1,090 உடற்செல்கள் பிறக்கின்றன. அதில் சரியாக 131 செத்துப்போகும், 959 மிஞ்சும். ஒவ்வொரு புழுவிலும் அதே 131. அதற்காக பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002-இல் நோபல்.

கேள்வி (செவிலியர், மதுரை): மேடம், சாகச் சொல்லும் சேதி புரிகிறது. "உயிரோடு இரு" என்று சொல்லும் சேதியும் உண்டா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். உண்டு. அதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது.

1930-களில் விக்டர் ஹாம்பர்கர் என்ற கருவியல் ஆய்வாளர் கோழிக் கருவின் சிறகு மொட்டை வெட்டி எடுத்துவிட்டுப் பார்த்தார். அந்தச் சிறகுக்குப் போக வேண்டிய நரம்புகள் தண்டுவடத்தில் மிகக் குறைவாக இருந்தன. "நரம்பாகு என்று சிறகு சொல்லியிருக்க வேண்டும், சிறகு இல்லாததால் நரம்பு உருவாகவில்லை" என்று எழுதினார். நியாயமாகத்தான் தோன்றுகிறது, இல்லையா?

இத்தாலியில் டூரின் நகரத்தில் ரீட்டா லெவி-மொன்டால்சினி என்ற இளம் டாக்டர் இதைப் படித்தார். யூதர். 1938-இல் முசோலினியின் இனச் சட்டம் வந்ததும் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. தன் படுக்கையறையிலேயே ஆய்வகம் போட்டார். தையல் ஊசியைத் தீட்டிக் கருவி செய்துகொண்டார். குண்டு விழ ஆரம்பித்ததும் கிராமத்துக்குப் போய், அங்கே பண்ணைக்காரர்களிடம் முட்டை வாங்கி வேலையைத் தொடர்ந்தார். கருவை எடுத்த பிறகு மிச்ச முட்டை சமையலுக்குப் போனது.

அவர் செய்ததில் புத்திசாலித்தனம் எங்கே என்றால், கடைசி நாளில் மட்டும் எண்ணாமல் ஒவ்வொரு கட்டத்திலும் கருவை எடுத்து வெட்டிச் சாயம் ஏற்றி எண்ணினார். சிறகு இல்லாத பக்கத்திலும் நரம்பு செல்கள் பிறந்திருந்தன, நரம்பாக மாறவும் செய்தன, கையை நீட்டித் தேடிப் போயின. போன இடத்தில் சிறகு இல்லை. அப்புறம்தான் செத்தன. ஆக, சிறகு சொல்லிக்கொண்டிருந்தது "நரம்பாகு" என்ற சொல் அல்ல; "வந்துவிட்டாயா, சரி, இரு" என்ற சொல்.

போருக்குப் பிறகு ஹாம்பர்கர் அவரை அமெரிக்காவில் செயின்ட் லூயிஸுக்கு அழைத்தார். கருவில் ஒட்டிய ஒரு எலிப் புற்றுக்கட்டியை நோக்கி நரம்புகள் வெறி பிடித்த மாதிரி ஓடுவதை அங்கே கவனித்தார். 1952-இல் கட்டி உள்ள எலிகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானத்தில் ரியோ டி ஜெனிரோ போய், தோழியின் ஆய்வகத்தில், கட்டித் துணுக்குக்குப் பக்கத்தில் ஒரு நரம்பு முடிச்சை வைத்தார். ஒரே நாளில் முடிச்சைச் சுற்றிச் சூரியக் கதிர் மாதிரி இழைகள்.

அந்தப் பொருள் என்ன என்று பிரித்தெடுக்க ஸ்டான்லி கோஹன் என்ற உயிர்வேதியியல் ஆய்வாளர் வந்தார். சாற்றில் உள்ள நியூக்ளிக் அமிலத்தை அழிக்கப் பாம்பு விஷம் சேர்த்தபோது, விஷத்திலேயே அந்தப் பொருள் கட்டியைவிடப் பல மடங்கு இருப்பது தெரிந்தது. சரி, பாம்பின் விஷப்பை என்பது ஓர் உமிழ்நீர்ச் சுரப்பிதானே என்று ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பார்த்தார்கள், அங்கேயும் குவிந்து கிடந்தது. அதுதான் நரம்பு வளர்ச்சிக் காரணி, என்.ஜி.எஃப். இதைத் தடுக்கும் எதிர்ப்பொருளைப் பிறந்த எலிக்குட்டிக்கு ஊசி போட்டால் அதன் பரிவு நரம்பு முடிச்சுகள் ஏறக்குறைய மறைந்தே போயின. 1986-இல் இருவருக்கும் நோபல். ரீட்டா 103 வயது வரை இருந்தார்.

கருவில் பிறக்கும் நரம்பு செல்களில் பல இடங்களில் பாதி வரை சாகின்றன. தேவைக்கு மேல் ஆளை அனுப்பி, போன இடத்தில் சோறு போட ஆள் இருக்கிறவன் மட்டும் பிழைக்கட்டும் என்ற ஏற்பாடு. எத்தனை தசைக்கு எத்தனை நரம்பு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை பாருங்கள். கை மொட்டிலும் இதே கதைதான்: அதன் நுனி வரப்பு எஃப்.ஜி.எஃப். சுரக்கிற வரைதான் கீழே உள்ள செல்கள் பிழைக்கும். வரப்பைச் சீவிவிட்டால் சிறகு பாதியில் நின்றுவிடும்.

கேள்வி (விவசாயி, நாமக்கல் பக்கம்): எங்கள் பசு இரட்டைக் கன்று போட்டது. ஒன்று காளை, ஒன்று கிடாரி. கிடாரி சினை பிடிக்காது, விற்றுவிடு என்கிறார்கள். உண்மையா அம்மா?

பெரும்பாலும் உண்மைங்க. இப்படிப் பிறக்கும் கிடாரிகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் மலடு. பசுவின் வயிற்றில் இரண்டு கன்றுகளின் நச்சுக்கொடி ரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். எல்லாக் கருவிலும் முதலில் ஆண் குழாய், பெண் குழாய் இரண்டும் இருக்கும். ஆண் கருவின் விரை ஏ.எம்.எச். என்ற புரதத்தைச் சுரந்து தன் உடம்பில் உள்ள பெண் குழாயை, அதாவது கருப்பையாகப் போகிறதை, அழித்துவிடும். அது பி.எம்.பி.யின் உறவுக்காரப் புரதம்தான். காளைக்கன்று தனக்காகச் சுரந்தது ரத்தம் வழியாகத் தங்கையின் உடம்புக்கும் போய், அவளுடைய கருப்பையும் வளராமல் போகிறது. விற்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டுங்கள், பிறப்புறுப்பின் நீளத்தை அளந்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். மனித இரட்டையரில் அண்ணன் தங்கை ரத்தம் பொதுவாக இப்படிக் கலப்பதில்லை, அதனால் பயம் வேண்டாம்.

கருத்தரிப்பு மையத்தில் "ஏ.எம்.எச். கம்மி" என்று சொன்னதாக மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். அதே புரதம்தான். பெரியவர்களில் சினைப்பையின் சின்னச் சின்ன முட்டைப் பைகள் அதைச் சுரக்கின்றன. அந்த எண் முட்டைக் கையிருப்பைச் சொல்லும். முட்டையின் தரத்தைச் சொல்லாது.

கேள்வி (யாழ்ப்பாணம்): வணக்கம் ரீச்சர். எனக்கு இதயம் வலப்பக்கம், ஈரல் இடப்பக்கம். ஸ்கான் எடுத்தபோதுதான் தெரிஞ்சது. இது எப்படி வருகுது?

சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கும். ஆரம்பக் கருவின் நடுவில் ஒரு சின்னக் குழி. அதில் உள்ள செல்களுக்கு நுண்ணிய மயிர்கள் உண்டு, எல்லாம் ஒரே பக்கமாகச் சுழன்று, குழியில் உள்ள திரவத்தை இடப்பக்கம் தள்ளும். அதனால் இடப்பக்கம் மட்டும் நோடல் என்ற சமிக்ஞைப் புரதம் முழிக்கும், "இது இடப்பக்கம்" என்று இதயத்துக்கும் குடலுக்கும் சொல்லும். மயிர் சுழலாவிட்டால் பூவா தலையா கதைதான். பாதிப் பேருக்குச் சரியாக வரும், பாதிப் பேருக்கு உங்களைப் போலத் திரும்பி வரும். அடிக்கடி சளி, சைனஸ் தொந்தரவும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நுரையீரலிலும் அதே மயிர்கள் உண்டு. எந்த டாக்டரிடம் போனாலும் ஈ.சி.ஜி.க்கு முன்னால் இதைச் சொல்லிவிடுங்கள். குடல்வால் வலி உங்களுக்கு இடப்பக்கம் வரும்.

கேள்வி (மருந்துக்கடை வைத்திருப்பவர், கும்பகோணம்): கருவில் வேலை செய்யும் புரதத்துக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தம் உண்டு என்று படித்தேன். எப்படி?

கரு முடிந்ததும் இந்தப் புரதங்கள் ஓய்வு பெறுவதில்லை. குடலின் உட்தோல் சில நாளுக்கு ஒரு முறை புதிதாகிறதே, அதை நடத்துவது விண்ட். அந்தச் சேதியை அடக்கி வைக்கும் ஏ.பி.சி. என்ற ஜீன் கெட்டுப்போனால், சேதி வராமலேயே வந்த மாதிரி செல்கள் பெருகும். பெருங்குடல் புற்றில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன.

ஹெட்ஜ்ஹாக் கதை ஆட்டிலிருந்து வருகிறது. 1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மலையில் நெற்றியில் ஒற்றைக் கண்ணோடு செம்மறிக் குட்டிகள் பிறந்தன. சினையாகிப் பதினான்காம் நாள் வாக்கில் தாய் ஆடு ஒரு காட்டுச் செடியை மேய்ந்ததுதான் காரணம். அந்தச் செடியில் இருந்த பொருளுக்கு சைக்ளோபமைன் என்று பெயர். பல வருடம் கழித்துத்தான் அது ஹெட்ஜ்ஹாக் சேதியை உள்ளே கடத்தும் ஸ்மூத்தண்ட் என்ற புரதத்தை முடக்குகிறது என்று தெரிந்தது. ஒரு வகைத் தோல் புற்றில் இந்தச் சேதிதான் நிற்காமல் ஓடுகிறது. அதே இடத்தைப் பிடிக்கும் விஸ்மோடெகிப் மாத்திரைக்கு 2012-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கர்ப்பிணிகள் அதைச் சாப்பிடவே கூடாது. ஏன் என்று ஆட்டைக் கேட்டால் சொல்லும்.

கேள்வி (போட்டித் தேர்வு எழுதுபவர், சென்னை): இதில் இந்தியர் பங்கு ஏதாவது உண்டா? தேர்வில் கேட்பார்களா?

கேட்பார்களா தெரியாது, கேட்க வேண்டும். டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஆர்.பி. சர்மா சிறகில்லாத பழ ஈ ஒன்றைப் பிடித்தார். 1976-இல் வி.எல். சோப்ராவோடு சேர்ந்து அதை விரிவாக எழுதினார். பெயர், விங்லெஸ். எலியின் மார்புப் புற்றில் கிடைத்த இன்ட்-1 என்ற ஜீனும் அதுவும் ஒன்றுதான் என்று 1987-இல் தெரிந்தது. இரண்டு பெயரையும் ஒட்டிப் பிறந்ததுதான் மேலே சொன்ன விண்ட்.

கேள்வி (ஒரு அப்பா, பொள்ளாச்சி): ஆறாவது படிக்கும் மகள் முட்டைக்குள் குஞ்சு வளர்வதைப் பார்க்க வேண்டும் என்கிறாள். கடை முட்டையில் பார்க்க முடியுமா?

கடையில் வாங்கும் நாமக்கல் முட்டையில் எத்தனை நாள் வைத்தாலும் ஒன்றும் வராது, அந்தப் பண்ணைகளில் சேவலே கிடையாது. சேவலோடு திரியும் நாட்டுக்கோழி அடையில் உட்கார்ந்திருந்தால் அதன் முட்டை வேண்டும். உடைக்க வேண்டாம். நான்காம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் பருத்த முனையில் செல்போன் டார்ச்சை ஒட்டிப் பிடியுங்கள். சிலந்தி மாதிரி சிவப்பு நரம்புகள் நாலாபக்கமும் ஓடும், நடுவில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருக்கும். சிறகு மொட்டு விரல் கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. ஒன்றும் தெரியாமல் மஞ்சளாகவே இருந்தால் கூமுட்டை. ஒரு நிமிடத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். திரும்ப வைக்கும்போது கோழி கொத்தும், ஒரு கையில் கொஞ்சம் அரிசியோடு போகச் சொல்லுங்கள்.